குடிக்கிறவர்களிடம் கேட்டவள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லக் கூடாத இடத்தில் ஒருமுறை அதைச் சொல்லியிருக்கிறேன். அதுவே போதும்.

மாத்தளை டவுனில் ஒரு சிறிய துப்புரவுக் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஹோட்டல், கல்யாண மண்டபம், களஞ்சியம், கடைத்தொகுதி என்று பெரிய கட்டிடங்களின் சுவரையும் முற்றத்தையும் பிரஷர் மெஷினால் அடித்துக் கழுவிக் கொடுக்கிற கம்பெனி. மெஷினைப் பிடிப்பது நான். அதற்குத் தண்ணீர் ஏற்பாடு செய்வது அவள். வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. குழாயில் ஹோஸை மாட்டினால் ஆயிற்று என்று நினைப்பார்கள். ஒரு பெரிய குடும்பம் பல நாள் புழங்குகிற தண்ணீரை எங்கள் மெஷின் ஒரு காலைப் பொழுதில் குடித்துவிடும். நடுவில் தண்ணீர் நின்றால் பம்ப் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் யாராவது முதலிலேயே போய், குழாயில் எவ்வளவு வருகிறது, போதாவிட்டால் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி எந்தப் பாதையால் வரும், தாங்கியை எங்கே வைப்பது என்றெல்லாம் பார்த்து வரவேண்டும். அந்த யாராவது அவள்தான்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கேனோடு போவாள். அதைக் குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று போனில் பார்த்து, பென்சிலால் எழுதிக்கொள்வாள். அது வரைக்கும் யாருக்கும் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கிற கேள்வியில்தான் எல்லாக் கஷ்டமும் தொடங்கும்.

"இந்தத் தண்ணிய யாரு குடிக்கிறாங்க?"

மனேஜர்மாருக்கு இந்தக் கேள்வி விளங்காது. தண்ணீர் எங்களுடையது, நாங்கள் தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். "நீங்க தர்றீங்க சரி. குடிக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா?" என்பாள். கேட்டிருக்க மாட்டார்கள். அவளே குழாயின் வழியே நடந்து, வேலி தாண்டி, கீழே இறங்கி, அந்தத் தண்ணீரின் கடைசி வீடு எதுவென்று பார்த்துவிட்டு வருவாள். நாங்கள் லொறியில் சாமான்களோடு காத்திருப்போம். அவளைத் திட்டியபடி காத்திருப்போம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானும் திட்டியிருக்கிறேன்.

கலேவெலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நல்ல கோடைக்காலம். கூரையிலும் முன்வாசலிலும் படிந்த செம்மண் தூசியை ஒரே நாளில் கழுவ வேண்டும். மறுவாரம் பெரிய இடத்துக் கல்யாணம். மண்டபக்காரர் பின்பக்கத்துக் கிணற்றைக் காட்டி, "நம்ம கெணறுதான், எவ்வளவு வேணும்னாலும் எடுங்க" என்றார். அவள் எட்டிப் பார்த்தாள். கிணற்றின் உட்சுவரில் ஈரக்கோடு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது, தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது. கிணற்றடியில் துவைக்கிற கல்லில் சவர்க்காரம் இன்னும் காயாமல் இருந்தது.

"ஒங்க கெணத்துல வேற யாரு துணி தொவைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"அக்கம்பக்கத்து ஆளுங்க வருவாங்க. அவங்கள விடுங்க."

அவள் விடவில்லை. அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னேரம் குடங்களோடு நான்கைந்து பெண்கள் வந்தார்கள். சிங்களத்தில் அவர்களோடு பேசினாள். ஒருத்தி சொன்னது எனக்கும் கேட்டது. இப்போது எடுக்கிற தண்ணீர் மறுபடி ஊற விடிந்துவிடும், விடிய முன்னர் வந்து வரிசையில் நிற்கிறோம், மிளகாய்ப் பாத்திக்கு ஊற்றுவதை நிறுத்தி இரண்டு வாரமாகிறது. அவள் எழுந்து மண்டபக்காரரிடம் வந்தாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், மரியாதை கூடும். முதலாளியை முதலாளி என்று கூப்பிடுகிறவள், கோபம் வந்தால் ஐயா என்பாள். டிரைவரை நீ என்கிறவள், நீங்க என்பாள். அன்றைக்கு மண்டபக்காரரிடம் ஏறக்குறையக் கைகட்டி நின்றபடி பேசினாள்.

"ஐயா, ஒங்க வாசல் ஒரு நாள் பொறுத்துச் சுத்தமானாலும் கல்யாணம் நடக்கும். இந்தக் கெணறு நாளைக்கு வத்திப்போனா இவங்க வீட்டுல சோறு வேகாது. நாங்க வேற தண்ணி கொண்டாந்து கழுவித் தர்றோம்."

வாய்க்கால் பக்கத்து விவசாயிகள் சங்கத்தில் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்திலிருந்து டிராக்டர் தாங்கியில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேலை ஒரு நாள் பிந்தியது. போனில் முதலாளி கத்திய கத்தல் லொறிக்குள் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, தோடம்பழம் உரித்துத் தின்றாள்.

இதே முதலாளி வாடிக்கையாளர்களிடம் அவளைக் காட்டி, "எல்கடுவப் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்த பிள்ள. தண்ணியோட அருமை தெரியும்" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அப்போதே அது பிடிக்காது. டவுனில் பிறந்தவனுக்குத் தாகம் எடுக்காதா? அவள் செய்தது அவள் மூளையால் செய்தது. அதை அவள் பிறந்த இடத்தின் குணம் என்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் யாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா?

அவள் செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. உக்குவளையில் ஒரு கடை வரிசையைக் கழுவப் போனோம். பக்கத்துப் பள்ளிவாசல் தாங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகத்தில் இருந்த ஹாஜியாரே மனதார அனுமதி கொடுத்தார். அவள் அப்போதும், "அஸர் தொழுகைக்கு ஆளுக வந்தா கைகால் கழுவி வுழூ எடுக்கத் தண்ணி பத்துமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"மகள், எங்கட பள்ளிய எங்களவிட நீங்க கூடப் பாக்குறீங்க. தாங்கி ரெண்டு இரிக்கி. எடுங்க."

இரண்டாவது தாங்கியையும் ஏணி வைத்து ஏறிப் பார்த்த பிறகுதான் ஹோஸை மாட்ட விட்டாள். இன்னொரு முறை, ஒரு பெரியவர் பொதுக் குழாயில் களவாகக் குழாய் இழுத்திருக்கிறார் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் அவரைக் கேட்டுவிட்டாள். அது நகரசபை அனுமதியோடு இழுத்தது என்று பிறகு தெரிந்தது. மறுநாள் லீவு போட்டு, பஸ் பிடித்துப் போய், அதே நாலு பேரையும் கூப்பிட்டு வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அலைச்சலா என்று நான் கேட்டேன்.

"நாலு பேருக்கு முன்னுக்குச் சொன்னத நாலு பேருக்கு முன்னுக்குத்தானே அண்ணே எடுக்கணும்" என்றாள்.

வேலைத்தலத்தில் அவளுடைய சட்டம் ஒன்றுதான். குடிதண்ணீர்க் குழாயிலிருந்து நேரே மெஷினுக்கோ மருந்து கலக்குகிற பீப்பாயான பரலுக்கோ ஹோஸ் போகக் கூடாது. நடுவில் ஒரு தாங்கி இருக்க வேண்டும். ஹோஸின் வாய் தாங்கித் தண்ணீரில் முங்காமல் ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். "தண்ணி விழுற சத்தம் கேக்கணும் அண்ணே. சத்தம் நின்னா ஹோஸ் முங்கிருச்சுன்னு அர்த்தம். முங்கினா, குழாயில தண்ணி நிக்கிற நேரம் நம்ம அழுக்க அது உறிஞ்சிக் குடிச்சிரும்." இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வாள். நான் நூறு தடவை கேட்டிருப்பேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

எல்கடுவைப் பக்கம் மலைமேல் ஒரு தோட்டம். பழைய களஞ்சியம் ஒன்றை வெளிநாட்டார் தங்குகிற விடுதியாக மாற்றியிருந்தார்கள். பாசியும் எண்ணெய்க் கறையும் ஏறிய அதன் கல்சுவரைக் கழுவிக் கொடுக்க வேண்டும். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து தாளில் எழுதிக் கொடுத்தாள். மேலே ஊற்றுத் தாங்கி ஒன்று, அதிலிருந்து ஒரே குழாய் விடுதியைத் தாண்டிக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் போகிறது, அதில் கை வைக்கக் கூடாது, பவுசர் அனுப்ப வேண்டும். முதலாளியும் சரி என்றார். திறப்பு விழாவை விடுதிக்காரர்கள் முன்னுக்கு இழுத்ததும், பவுசர் அந்தப் பாதையில் ஏற நேரம் எடுக்கும் என்று அதை நிறுத்திவிட்டார். அவளுக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் போன் எடுத்தார்.

"அங்கயே குழாய் இருக்குல்ல. நேரா மாட்டு. தாங்கி, கீங்கின்னு இழுத்துக்கிட்டு இருக்காத."

மாட்டினேன்.

கறை எடுக்கும் மருந்தைப் பரலில் ஊற்றி, ஹோஸை அடிவரைக்கும் விட்டு, தண்ணீரைத் திறந்தேன். பாதி நிரம்பும்போது தண்ணீர் நின்றுவிட்டது. மேலே யாரோ தாங்கியைக் கழுவ வால்வை மூடியிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. வந்ததும் நிரம்பட்டும் என்று குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தேன். பகல் சமையல் நேரம்.

அப்போதுதான் அவள் ஏறி வந்தாள். பவுசர் போகவில்லை என்று டிரைவர் சொல்லக் கேட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே பரலைப் பார்த்தாள்.

"மெஷின் ஓடுதா?"

"இல்லயே, தண்ணி நின்னுருச்சு."

"அப்ப மருந்து எங்க போவுது?"

நான் எழுந்து பார்த்தேன். நீலப் பரலின் உட்புறத்தில் நுரை ஒட்டிய கோட்டுக்கு வெகு கீழே மருந்துத் தண்ணீர் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. கீழே லயத்தில் யார் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். மேலே தண்ணீர் இல்லாத குழாய் எங்கள் பரலை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவள் குழாயை மூடினாள். ஹோஸை இழுத்து எறிந்தாள். பிறகு படிக்கட்டில் போகாமல் தேயிலைக்குள் விழுந்து ஓடினாள். விடுதி மனேஜர் வெளியே வந்து, "ஆளுங்களைப் பயப்படுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார். அவர் அறிவித்திருக்க வேண்டும், எனக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. "யாருகிட்டயும் மூச்சு விடாத. கொஞ்ச நேரம் பைப்பத் தொறந்து விட்டாச் சரியாப் போயிரும். அந்தப் பிள்ளையக் கூப்பிடு." நான் கூப்பிட்டேன். அதுதான் நான் அன்று செய்த வேலை. மேலே நின்றபடி அவள் பெயரைச் சொல்லித் திரும்பி வரச் சொன்னேன்.

அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டுவது மேலேயிருந்து தெரிந்தது. "குழாயத் தொறக்காதீங்க. புடிச்ச தண்ணியக் கொட்டுங்க. சோத்துப் பானையையும் கொட்டுங்க." யாரோ ஒரு வீட்டில் கொட்ட மறுத்தார்கள் போல. அவளே பானையைத் தூக்கி வந்து வாசலோரத்துச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். வெந்துகொண்டிருந்த சோறு. அந்த லயத்தில் அன்றைக்கு ஒருவரும் பகல் சோறு சாப்பிடவில்லை. ஆனால் விளையாடிவிட்டு வந்த ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, அவள் போவதற்கு முன்னாலேயே, குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டது.

உதடும் நாக்கும் தொண்டையும் வெந்து, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துவிட்டது. இதை எழுதும்போது இன்றைக்கும் முதலில் எழுதத் தோன்றுவது, பிழைத்துவிட்டது என்கிற அந்த வார்த்தையைத்தான்.

மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் விசாரிக்க வந்தார். விடுதியின் முன்வாசல். கழுவி முடித்த சுவர் வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஆம், கழுவி முடித்துவிட்டோம். மறுநாளே பவுசர் வந்துவிட்டது. ஏற முடியாத பாதையில் அது ஏறிவிட்டது. முதலாளி என் தோளோடு தோள் உரச நின்றார். அவள் எதிரே நின்றாள். லயத்துக்காரர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை.

"கனெக்ஷன் குடுக்கச் சொன்னது யாரு?" என்று பரிசோதகர் என்னைக் கேட்டார்.

நான் அவள் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "தண்ணி ஏற்பாடு எல்லாம் அந்தப் பிள்ளதான் பாக்கும்" என்றேன்.

இதில் பொய் எது? தண்ணீர் ஏற்பாடு அவளுடைய வேலைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மையான சொற்களை அடுக்கி ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டிவிட்டேன். எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், வேலை தேவையாக இருந்தது என்று பல நாள் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். லயத்தில் இருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி முதலாளி வாய் திறக்கவில்லை. அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவள் மறுத்துப் பேசுவாள், என் முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பரிசோதகரிடம் மட்டும் பேசினாள்.

"பவுசர் அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்தேன். அத நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி. கீழ எந்தெந்த வீட்டுல வயித்து வலின்னு சொல்றாங்கன்னு போய் எழுதிக்கிட்டீங்களா?"

அவர் போகவில்லை. நேரமில்லை என்றார். போகும்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வர்றேன் ஐயா" என்றாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கவனயீனம் என்று கடிதத்தில் காரணம் எழுதியிருந்தது. கவனயீனம். அவளுக்கு. தாளில் ஒரு பெயர் விழுந்ததும் எல்லோருடைய வேலையும் முடிந்துவிட்டது. பரிசோதகருக்கு அறிக்கை கிடைத்தது, விடுதிக்குத் திறப்பு விழா நடந்தது, முதலாளிக்கு அடுத்த வேலை வந்தது. லயத்துக் குழாயை இரண்டு நாள் திறந்து விட்டார்கள். அவ்வளவுதான். அந்தச் சுவரின் முன்னால் நின்று வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொள்வதைப் போனில் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் விளம்பரத் தட்டியிலும் அதே சுவர்தான்.

நான் மனம் பொறுக்காமல் வேலையை விட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. முழங்கால் வலி தாங்காமல் அடுத்த வருடம் விட்டேன். பிறகு வீட்டு வாசலிலேயே வான், முச்சக்கரவண்டி கழுவிக் கொடுக்கத் தொடங்கினேன். அதற்கு ஒரு வால்வு வாங்க உக்குவளையில் ஒரு குழாய்ச் சாமான் கடைக்குப் போனபோது, உள்ளே அவள் நின்றாள். அங்கே வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

என்ன அளவு என்று கேட்டாள். சொன்னேன். எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். "தண்ணி போற பக்கம் அம்புக்குறி இருக்கு. திருப்பி மாட்டிராதீங்க" என்றாள். கடையில் வேறு ஆள் இல்லை. நான் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு முதலாளி போன் எடுத்தது, நான் மாட்டியது, பரிசோதகர் முன்னால் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் வால்வைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே ஐயா. தெரிஞ்சவகிட்ட எதுக்குச் சொல்றீங்க? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அதற்குள் வேறொருவர் உள்ளே வந்தார். அவள் அவரிடம் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்கடுவை பஸ்ஸில் ஏறினேன். இறங்கி மேலே நடந்து, விடுதியின் கேட்டைத் தாண்டி, லயத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் தாயைக் கேட்டு விசாரித்தேன். உலர்த்திய துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேரும் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஹோஸை மாட்டியது நான்தான், முதலாளி சொல்லி மாட்டினேன், தண்ணீர் ஏற்பாடு பார்த்த பெண் வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருந்தாள், பழியை அவள்மேல் போட்டதும் நான்தான். அவர்கள் அடிப்பார்கள் என்றுகூட நினைத்துத்தான் போயிருந்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாய் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அது வந்து எங்க வீட்டு ஒலைய எடுத்துக் கொட்டுச்சு" என்றாள். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் எங்கூடவே ஓடி வந்துச்சு. அது பண்ணலைன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும். பண்ணினது யாருன்னுதான் இவ்வளவு நாளாத் தெரியாம இருந்துச்சு."

பக்கத்தில் நின்ற எல்லோரும் என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.